காஜா பேராங்கில் ஆண் பங்கு

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு அப்போது ரயில் கிடையாது. ரயில் மட்டுமல்ல, தண்டவாளமே கிடையாது. ஜப்பான்காரன் அதைக் கழற்றி, அங்கே புது ரயில்பாதை போடுவதற்காகச் சயாமுக்கு அனுப்பிவிட்டான். தண்டவாளம் கிடந்த இடத்தில் லாலான் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. சிரம்பானிலிருந்து வந்த என்னைத் தம்பின் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு ரயில் தெற்கே போய்விட்டது. இனி மலாக்கா வரைக்கும் இருபத்து நான்கு மைலுக்கு லாரிதான் கதி.

நாற்பத்து மூன்றாம் வருஷம். வெள்ளிக்கிழமை காலை. நான் எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு முன்னால் எங்களுடையது தொழிற்சங்கம். ஜப்பான்காரன் வந்ததும் சங்கம் என்ற சொல்லுக்கே தடை. ஆகவே பலகையை இறக்கிவிட்டு ‘ஈமச் சடங்கு உதவி நிதி’ என்று பேர் மாற்றிக்கொண்டோம். சாவுக்குக் குறைவில்லாத காலம், யாரும் சந்தேகப்படவில்லை. ஊர் ஊராகப் போய், யார் வீட்டில் இழவு என்று விசாரிக்கிற சாக்கில், வேலை செய்கிற இடத்தில் ஆணுக்கு என்ன கொடுக்கிறார்கள், பெண்ணுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வருவது என் வேலை. ஆண்களைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் செய்த வேலையெல்லாம் பெண்கள் தலையில் விழுந்திருந்தது. கூலியும் அரிசியும் மட்டும் பழைய பெண் பங்காகவே நின்றன. ஒரே வேலைக்கு ஒரே பங்கு என்று அதிகாரிகளிடம் கேட்பதற்கு நாலு ஊர் நிலவரமாவது கையில் வேண்டும் என்று சங்கம் நினைத்தது. எழுதி எடுத்துக்கொண்டு திரிந்தால் தலை போகும். கேட்டதையெல்லாம் மனசிலேயே சுமந்து வந்தேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

லாரி கரியில் ஓடுவது. பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு ஊதி ஊதித்தான் கிளப்ப வேண்டும். ஓட்டுநர் காதர், மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் என்கிற தெருக்காரர். கட்டணம் ஐந்து வெள்ளி என்றார். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு அதைப் பார்க்கக்கூட இல்லை.

“லாரியில என்ன ஏத்துவீங்க பாய்?” என்று கேட்டேன். பேச்சுக் கொடுக்காவிட்டால் தூங்கி விழுந்துவிடுவார் போலிருந்தது.

“மரவள்ளி ஏத்துவேன். இல்லாட்டி ஆளு ஏத்துவேன்” என்றார். “ரெண்டுக்கும் வாடக ஒண்ணுதான் அண்ணே. மரவள்ளின்னா வழியில அழுவாது.”

அலோர் காஜா தாண்டி ஒரு பாலத்தில் ஜப்பான் காவல்காரன் நிறுத்தினான். எல்லோரும் இறங்கிக் குனிந்தோம். எனக்குக் குனிவு போதாது என்று அவனுக்குப் பட்டது. துப்பாக்கிக் கட்டையால் முதுகில் ஒரு அழுத்து அழுத்திச் சரிசெய்தான். ஜென்மத்தில் அவ்வளவு மரியாதையாக நான் யாருக்கும் குனிந்ததில்லை.

மலாக்காவுக்குள் லாரி நுழையும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்கவில்லை. கடிகாரம் மட்டும் பகல் ஒரு மணி என்றது. எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். பொழுது மட்டும் பழைய நேரத்துக்கே விடிந்துகொண்டிருந்தது. கடை வாசலில் சோளத்தைக் கருக்கிப் போட்ட காப்பி ஒரு குவளை ஒரு வெள்ளி. குடித்துவிட்டு, ஊர் ஓரத்தில் இருக்கும் காஜா பேராங்குக்கு நடந்தேன்.

அங்கே நான் தங்கின வீடு மலாக்கா செட்டி என்கிற பழைய வம்சத்துக்காரர் ஒருவருடையது. கண்ணப்பா பிள்ளை என்று பேர். சண்டைக்கு முன்பு எங்கள் சங்கத்துக்கு இந்த ஊரில் ஆளாக இருந்தவர். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாரோங். அவர்கள் குடும்பம் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்தது. வீட்டுப் பேச்சு மலாய்தான், நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் வரும். என் தமிழில் பாதிக்குச் சிரிப்பாலேயே பதில் சொல்லிவிடுவார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில்தான் இருவரும் காலத்தை ஓட்டினோம். அவித்த மரவள்ளிக் கிழங்கும் சிவந்த பாமாயிலில் வதக்கிய கீரையும் போட்டார். சாப்பிட்டு முடித்ததும், பின்னால் இருக்கும் லயத்துக்குப் போய் பெண்களின் அரிசிப் பங்கைப் பற்றி விசாரிக்கப் போகிறேன் என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. “ஜாங்ஙான் தாஞா” என்றார். கேட்காதே என்று அர்த்தம். ஏன் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்பதற்காகவே ஐந்து வெள்ளியும் முதுகில் ஒரு அழுத்தும் கொடுத்து வந்தவன் நான். கேட்காமல் எப்படி இருப்பேன்? சாயங்காலம் போனேன்.

லயம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே நீள வீடு, நடுவில் தடுத்துத் தடுத்துப் பத்துக் குடும்பம். நகரத்துக் குப்பையை அள்ளுகிற குத்தகையை ஒருவர் எடுத்திருந்தார். அவருடைய கூலிகள் இவர்கள். முன்பெல்லாம் மாடுதான் குப்பை வண்டியை இழுத்தது, ஆண்கள் ஓட்டினார்கள், பெண்கள் துடைப்பம் பிடித்துக் கூட்டினார்கள். மாடுகளை ஜப்பான் பட்டாளம் தின்றுவிட்டது. அதன்பிறகு ஆண்களே நுகத்தடியைப் பிடித்து இழுத்தார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், ஆறு ஆண்கள் வேலை முடிந்து தெங்கேரா சாலையில் வந்துகொண்டிருந்தபோது ஜப்பான் சிப்பாய்கள் லாரியை நிறுத்தி அவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சயாமில் ரயில் போடுகிற வேலைக்கு. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

இதையெல்லாம் சொன்னவள் அஞ்சலை. முப்பது வயசு இருக்கும். சாக்கை வெட்டித் தைத்த ரவிக்கை போட்டிருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. பிடிபட்ட ஆறு பேரில் அவள் புருஷனும் ஒருவன்.

“அவர் பேரென்னம்மா?” என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள். சிரம்பானிலும் எங்கள் வீடுகளில் அதுதானே வழக்கம். பக்கத்தில் நின்றவள்தான் “மாரிமுத்துங்க” என்றாள்.

“சரி, இப்ப வண்டிய யார் இழுக்கறது?”

“நாங்கதான்.”

“அரிசி எத்தன செரட்ட தராங்க?”

இந்தக் குத்தகையில் தேங்காய்ச் சிரட்டைதான் அளவு. வாரத்துக்கு ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு. அது எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு என்ற பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

“மூணு” என்றாள் அஞ்சலை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்றவர்களைக் கேட்டேன். வண்டி இழுக்கிற ஆறு பெண்களும் மூன்று என்றார்கள். சிரம்பானில் இல்லாதது, போர்ட் டிக்சனில் இல்லாதது, இந்த நாற்றமடிக்கிற லயத்தில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பங்கு. யார் கேட்டு வாங்கியது, எப்படி வாங்கியது என்று நான் குடைந்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “காலையில பெரட்டுக்கு வாங்கண்ணே” என்றாள் அஞ்சலை. பெரட்டு என்றால் விடியலில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அன்றைக்குச் சந்தோஷமாகவே படுத்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியலில் வண்டிக் கொட்டகைக்குப் போனேன். மண்டோர் முனியன், அதாவது கூலிகளுக்கு மேஸ்திரி, ஒரு கல்லின்மேல் நின்றார். காலில் வீக்கம், கண்ணில் மஞ்சள். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. பேர்களை மனப்பாடமாகத்தான் கூப்பிடுவார்.

“வீராசாமி.”

“இருக்கேன்” என்றது ஒரு பெண் குரல்.

“சின்னப்பன்.”

“இருக்கேன்.” அதுவும் பெண் குரல்.

“மாரிமுத்து.”

“இருக்கேன்” என்றாள் அஞ்சலை. மற்றவர்களைவிட ஒரு அடி முன்னால் வந்து நின்று சொன்னாள்.

எனக்கு விளங்கிவிட்டது. என் சமத்துவம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டது. ஆண்களை வழியில் பிடித்துக்கொண்டு போனார்களே தவிர, குத்தகைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் விடியலில் எழுந்து வருகிறவரும் அல்ல. அவரைப் பொறுத்தவரை ஆறு ஆண்களும் ஆறு வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேரில் மூன்று மூன்று சிரட்டை அரிசி வந்துகொண்டிருந்தது.

“வேற என்னய்யா செய்யச் சொல்றீங்க?” என்றார் முனியன். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. “ரெண்டு செரட்டயத் தின்னுட்டு எவளாலயும் அந்த வண்டிய இழுக்க முடியாது. வண்டி நின்னா எனக்கும் சயாம்தான்.”

அன்று வண்டியோடு நானும் நடந்தேன். காஜா பேராங்கிலிருந்து தெங்கேரா, அங்கிருந்து கடைத்தெரு, ஜாலான் துக்காங் எமாஸ், பிறகு ஆற்றைத் தாண்டி உஜோங் பாசிரில் கடலோரத்துக் குழியில் கொட்ட வேண்டும். சுற்றி வருவதில் நாலு கட்டைக்குக் குறையாது. இங்கே மைலைக் கட்டை என்பார்கள். ஒரு வண்டிக்கு ஒருத்தி நுகத்தடியில். மேட்டில் மட்டும் பின்னால் வருகிறவள் தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தள்ளுவாள். அஞ்சலையின் வண்டியை நானும் தள்ளினேன். பாலம் ஏறுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவள் அந்த வேலையை நாள்தோறும் செய்கிறாள்.

ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே வரிசை. இரண்டு வாசலிலும் பிச்சைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவள் கோயிலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, நுகத்தடியை விடாமலே கண்ணை மூடிக்கொண்டாள்.

“இது ஒங்க பங்கு இல்லம்மா, அவர் பங்கு” என்றேன், வண்டி மறுபடி நகர்ந்ததும். “ஒங்க பேர்லயே மூணு செரட்ட கெடைக்கணும். அதக் கேக்கத்தான் நான் வந்தேன்.”

“என் பேரு பெரட்டுலயே கெடையாதுண்ணே. துடப்பத்த வெச்ச அன்னிக்கே போயிருச்சு” என்றாள். கொஞ்ச தூரம் இழுத்த பிறகு, “அரிசிக்காக மட்டும்னு நெனச்சிராதீங்க. நான் அவர் பேரச் சொல்ல முடியாது. லயத்துல யாரும் இப்பச் சொல்றதுல்ல. பெரட்டுல மட்டுந்தான் ஒருக்கா காதுல விழுது. கூப்புடுறாங்கன்னா ஆளு இருக்காருன்னுதானே?”

நான் பின்னால் போய் வண்டியைத் தள்ளினேன்.

வெறும் வண்டியோடு திரும்பி வந்தபோது முனியன் கொட்டகை வாசலிலேயே குந்தியிருந்தார். குத்தகைக்காரர் சொல்லியனுப்பிவிட்டார். சயாமுக்கு ஆள் கொடுக்க அவருக்கும் உத்தரவு வந்திருக்கிறது. அவரிடம் இருக்கிற ஆண்கள் ஆறு பேர். வீராசாமி, சின்னப்பன், மாரிமுத்து என்று ஆறு பேரும் நாளைக் காலையில் லாரி ஏற வேண்டும். முன்பே சயாமுக்குப் போய்விட்டவர்களை மறுபடியும் சயாமுக்குக் கேட்கிறார்கள். அழுவதா சிரிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி சிரித்தாள். அப்புறம் அவளே அழுதாள்.

உண்மையைச் சொன்னால், இத்தனை நாளும் பொய்ப் பேரில் அரிசி வாங்கித் தின்ற குற்றம் வரும். பட்டாளத்து அரிசியைத் திருடினவனுக்கு அப்போது என்ன தண்டனை என்று எல்லோரும் பாலத்தடியில் கம்பத்தில் தொங்கிய தலைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள். முனியன்தான் வழி கண்டுபிடித்தார். அவர் என்னைப் பார்த்தபடியே பேசினார்.

“ஐயா சாவுச் சங்கத்துக்காரரு. ஆறு பேரும் காய்ச்சல்ல செத்துட்டாங்கன்னு ஐயா சொன்னா நம்புவாங்க. இவளுக பொட்டழிச்சு, கயித்த அவுத்துட்டு வந்து நிக்கணும். அவ்வளவுதான். உசிரு தப்பும்.”

நாங்கள் ஒளிந்துகொள்ளப் போட்ட வேஷம் இப்படித் திரும்பி வந்து என் மேலேயே உட்கார்ந்தது. சாவு விசாரிக்க வந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது சாவைச் சொல்லவே வேண்டும். அதுவும் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ தெரியாத ஆறு பேருக்கு, அவர்கள் பெண்டாட்டிகள் காது கேட்க.

கயிறு என்று முனியன் சொன்னது சரிதான். ஒருத்தி கழுத்திலும் பொன் கிடையாது. பொன்னெல்லாம் எப்போதோ மரவள்ளியாகிவிட்டது. வெறும் மஞ்சள் கயிறு. அதைக்கூட இப்போது கேட்கிறார்கள்.

ஐந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரி என்றார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தன. அஞ்சலை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. “நீ என்னம்மா சொல்ற?” என்று கேட்டேன். “நாளைக்குத்தானேண்ணே” என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மற்ற ஐவரிடமும் ஒன்று சொன்னேன். சாவைச் சொன்ன கையோடு உங்கள் பங்கையும் கேட்பேன், வண்டி அதே வண்டி, ஆகவே உங்கள் பேரிலேயே மூன்று சிரட்டை. ஒருவேளை தர மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். சண்டைக்கு முன்னால் சங்கத்தில் கற்றுக்கொண்டது எனக்கு அந்த ஒன்றுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி வந்து நின்றது. பின்னால் புகையும் அடுப்பைப் பார்த்ததுமே யாருடைய லாரி என்று தெரிந்துவிட்டது. காதர் இறங்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏற்கெனவே தோட்டங்களில் பிடித்த இருபது பேருக்குக் குறையாமல் லாரியில் நின்றார்கள். குத்தகைக்காரரும், ஜப்பான் பாஷை படித்த ஒரு மொழிபெயர்ப்பாளனும், துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்களும் வந்திருந்தார்கள்.

ஐந்து பெண்கள் வெறும் நெற்றியோடு வரிசையில் நின்றார்கள். முதல் நாள் பார்த்த முகங்கள்தான். எனக்கு அடையாளம் தெரிய நேரமாயிற்று. அஞ்சலையைக் காணோம்.

நான் சொன்னேன். வீராசாமி காய்ச்சலில் இறந்தார். சின்னப்பன் காய்ச்சலில் இறந்தார். அஞ்சலை வராததால் ஐந்து பேரோடு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு விசும்பல் எழுந்தது. அது நடிப்பு என்று அங்கே யார் சொல்ல முடியும்?

“ஒரே வாரத்துல இத்தன பேரா?” என்றார் குத்தகைக்காரர்.

“காய்ச்சல் இப்பல்லாம் முறை வெச்சு வர்றதில்லீங்க” என்றேன்.

“அப்ப வண்டிய யார் இழுத்தது?”

“இவங்கதான். இனிமேலும் இவங்கதான். அதே வண்டி, அதே நாலு கட்டை. அதனால இவங்க பேர்லயே மூணு செரட்ட எழுதுங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பொம்பளைக்கு ரெண்டு. செத்தவன் பங்கு அவனோட போச்சு.”

“வண்டி சின்னதாயிருச்சுங்களா?”

“நீ சாவுச் சங்கமா, வேற ஏதாவது சங்கமா?” என்றார். மொழிபெயர்ப்பாளன் திரும்பிப் பார்த்தான். சிப்பாய் ஒருவனும் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். பயந்துதான் மூடிக்கொண்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஐந்து பெண்களும் நேரே கொட்டகைக்குப் போய் வண்டியை எடுத்தார்கள். வாசலில் குவிந்து கிடந்த குப்பையை அள்ளிப் போட்டார்கள். விளிம்புக்கு ஏறும் முன்பே, முக்கால் வண்டியோடு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஐந்து வண்டியும் அப்படியே. நான் சொல்லிக் கொடுத்தது அதுதான். இரண்டு சிரட்டைக்கு எவ்வளவு ஏறுமோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு மண்வெட்டி கிடையாது. குத்தகைக்காரருக்கு வண்டியில் என்ன ஏறுகிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. முனியனுக்குத் தெரிந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை இல்லாத வாயை மென்றார்.

“ஆறாவது ஆளு?” என்றான் மொழிபெயர்ப்பாளன்.

முனியன் கல்லின்மேல் ஏறினார். பழக்கமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம். அவர் பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

“மாரிமுத்து.”

“இருக்கேன்.”

அஞ்சலை லயத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். குளித்து, தலையை இழுத்து முடிந்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக மஞ்சள் தேய்க்கப்பட்டு ஈரமாக இருந்தது. கையில் ஒரு சிறு மூட்டை.

“பொம்பளையா?” என்றான் மொழிபெயர்ப்பாளன்.

“அவர் பேரத்தானே கூப்ட்டீங்க? அவருக்கு நான்தான் வர்றேன்” என்றாள். “வண்டி இழுப்பேன், மண்ணு சுமப்பேன்.”

அவன் சிப்பாயிடம் ஏதோ சொன்னான். சிப்பாய் தோளைக் குலுக்கினான். “தல ஒண்ணு. ஏறு” என்றான் மொழிபெயர்ப்பாளன்.

நான் ஓடிப்போய், “வேணாம்மா, நான் சொல்லிடறேன், அவரும் செத்துட்டாருன்னு நான் சொல்லிடறேன்” என்றேன்.

“நீங்க நல்லவங்க அண்ணே. அத மட்டும் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

எனக்கும் தம்பின் போக வேறு வாகனம் இல்லை. காதர் தன் பக்கத்தில் உட்காரக் கதவைத் திறந்துவிட்டார், நான் அங்கே ஏறவில்லை. பின்னாலேயே ஏறி நின்றேன். கண்ணப்பா பிள்ளை தெரு முனையில் நின்றிருந்தார். கையை ஆட்டவில்லை. கேட்காதே என்று முதலிலேயே சொன்னவர்.

ஊர் எல்லையில் லாரியை நிறுத்தி, வழிக்குச் சாப்பாடு என்று வாழை இலைப் பொட்டலம் கொடுத்தார்கள். உள்ளே ஒரு பிடி சோறு, ஒரு துண்டு கருவாடு. சிப்பாய் ஆண் பெண் பார்க்கவில்லை, கையை நீட்டினவருக்கெல்லாம் ஒரே பொட்டலம். அஞ்சலைக்கும் அதுவே வந்தது. சமமான பங்கைத் தேடி மலாக்காவுக்கு வந்தேன். கடைசியில் அதைப் பார்த்தது அந்த லாரியில்தான்.

அலோர் காஜா தாண்டியதும் அவள் என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

“அங்க நெறைய எடத்துல வேல நடக்குதாமே?”

“ஆமாம்மா. பெரிய தூரம். காடு.”

“அப்ப எல்லாத்துலயும் போய்க் கேக்கணும்.” சிறிது நேரம் மூட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள். “பேரச் சொல்லாம எப்படிண்ணே கேக்கறது?”

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தை லாரிக்கு வெளியே திருப்பி, காற்றுக்குள் உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி அசைத்தாள். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ ‘மாரி’ என்பது மட்டும் கேட்டது. வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தம்பினுக்கு நாலைந்து மைல் இருக்கும்போது முழுப் பேரும் வந்துவிட்டது. அதற்கப்புறம் இறங்கும் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். லாரியில் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

தம்பின் ஸ்டேஷனில் அவர்களை வடக்கே போகும் சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். நான் சிரம்பான் டிக்கெட்டோடு வேறு பெட்டிக்குப் போனேன். ஒரே ரயில்தான். சிரம்பானில் நான் இறங்கினேன், அவர்கள் பெட்டிக் கதவு திறக்கவில்லை.

சண்டை முடிந்தது. எங்கள் பழைய பலகையைத் துடைத்து மறுபடி மாட்டினோம். முதல் கூட்டத்திலேயே ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன். சிரம்பான் மின்சார விளக்கு எரிகிற பெரிய ஊர். இருந்தும் கூட்டத்துக்கு வந்த ஆண்களில் பாதிப் பேர், பெண்ணுக்கு எதற்கு ஆண் பங்கு என்றுதான் கேட்டார்கள். காஜா பேராங்கைப் பற்றிச் சொன்னேன். தீர்மானம் நிறைவேறிற்று. ஆனால் தோட்டத்திலும் நகரத்திலும் பெண் கூலி பெண் கூலியாகவே இருக்கிறது.

சயாமிலிருந்து திரும்பி வந்தவர்கள் கிடைத்தால் விசாரிப்பேன். மாரிமுத்து என்ற ஆளை யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் கூட்டம் முடிந்ததும், எலும்பும் தோலுமாக ஒருவர் என்னிடம் வந்தார். அவர் இருந்த முகாமுக்கு ஒரு பெண் வந்தாளாம். குடிசை குடிசையாக ஒரு பேரைக் கூப்பிட்டுக்கொண்டே போனாளாம். கொஞ்ச நாள் அங்கே மண் சுமந்தாளாம். பிறகு அடுத்த முகாமுக்குப் போகிற ஆட்களோடு சேர்ந்து போய்விட்டாளாம். அப்புறம் தெரியாது என்றார்.

“நல்லா ஞாபகம் இருக்குங்க. நெத்தியில பெரிய பொட்டு. அந்தம்மா பேருகூட மாரிமுத்துதாங்க. எந்நேரமும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கும். நாங்க எல்லாம் அப்படித்தான் கூப்புடுவோம், கூப்ட்டா ‘இருக்கேன்’னு சொல்லும்.”

அவள் பேர் அஞ்சலை என்று அவரிடம் சொன்னேன்.